பலாலி எவ்வளவு தூரம்?

நம் முன்னோர்கள் தூரத்தைக் காலத்தால் அளந்தார்கள். பக்கத்துத் தெரு என்றால் கூப்பிடு தூரம். அதற்கு அப்பால் போனால் நாழிகை வழி. ஒரு நாழிகை, அதாவது இருபத்து நான்கு நிமிஷம் நடந்தால் போய்ச் சேருகிற இடம் என்று அதற்குப் பொருள். சம்பந்தம் பேச வந்தவர்களிடம், "உங்கள் ஊர் எத்தனை நாழிகை வழி?" என்று கேட்டுவிட்டுத்தான் பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்தார்கள். பெண்ணுக்குத் தலைவலி என்றால் தாயார் போய் நிற்க வேண்டுமல்லவா?

பிறகு மைல் வந்தது. மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. ஆகாய விமானம் வந்ததும் நாம் சத்தமில்லாமல் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டோம். சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் 2,900 கிலோமீட்டர் என்று யாரும் சொல்வதில்லை. "நாலு மணி நேரம்" என்கிறார்கள். லண்டன் 8,200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதையும் "பத்து பதினோரு மணி" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பெண்ணோ பிள்ளையோ எந்தக் கண்டத்தில் இருந்தாலும், எத்தனை மணி நேரத்தில் போய் நிற்கலாம் என்பதுதான் தாய்மாருக்கு வேண்டிய கணக்கு.

இந்தக் கணக்கு சரிப்பட்டு வராத ஊர் ஒன்று இருக்கிறது. சென்னைக்கு மிகவும் அருகில் உள்ள வெளிநாட்டு விமான நிலையம் அதுதான். யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலி. அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று மீனம்பாக்கத்தில் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். நம் திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டியில் கேட்டால் வேறொரு பதில் கிடைக்கும். இரண்டுமே சரியான பதில்கள் என்பதுதான் விசேஷம்.

ஒரே கோட்டில் மூன்று ஊர்கள்

முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். குழந்தைகளின் பள்ளிக்கூட அட்லாஸும் ஒரு பென்சிலும் போதும்.

சென்னையைத் தொட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுங்கள். வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டினாற்போல், கும்மிடிப்பூண்டி இருக்கும். இரும்பு ஆலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் புகைவிடுகிற சிப்காட் தொழிற்பேட்டை அங்கேதான் இருக்கிறது. கோடு தெற்கே வந்தால் மீனம்பாக்கம். இன்னும் தெற்கே கடலைத் தாண்டிப் போனால் பலாலி. மூன்றும் கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகைக்குச் சற்று அதிகமான ஒரே கோட்டின்மேல், பூத்தொடுத்தாற்போல் வரிசையாக இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி வீட்டு வாசலில் தெற்கு நோக்கி நின்று மூக்குக்கு நேரே போய்க்கொண்டே இருந்தால் பலாலி வந்துவிடும்.

இப்படி நேர் வடக்குத் தெற்காக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பூமியின்மேல் அட்சரேகைக் கணக்கில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல் மைல் ஆகும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். மீனம்பாக்கம் 12 பாகை 59 கலையில் இருக்கிறது. பலாலி 9 பாகை 47 கலையில் இருக்கிறது. கழித்தால் 3 பாகை 12 கலை. கலையாக்கினால் 192. ஆக 192 கடல் மைல். கிலோமீட்டரில் சொன்னால் 356. கும்மிடிப்பூண்டியிலிருந்து அளந்தால் ஏறக்குறைய 400.

சென்னையிலிருந்து மதுரை ரெயில் பாதையில் 490 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே ஆகாய வழியில் பார்த்தால், மதுரைக்குப் போகும் ரெயில் தூரத்தைவிட யாழ்ப்பாணம் கிட்டத்தில் இருக்கிறது!

43 நிமிஷம் 75 நிமிஷம் ஆன கதை

இந்த வழியில் பறப்பவை ஏ.டி.ஆர். என்னும் புரொப்பெல்லர் விமானங்கள். எழுபது பேருக்குச் சற்று அதிகமாக உட்காரலாம். உயரே போய் நிலைப்பட்டுவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம். 356-ஐ 500-ஆல் வகுத்தால் 43 நிமிஷம் வருகிறது. ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, சில சமயம் அதற்கும் மேலே போட்டிருக்கிறது. மிச்ச நேரம் எங்கே போயிற்று?

விமானக் கம்பெனிக்காரர்கள் பிரயாண நேரத்தைச் சக்கரத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். நிற்கிற விமானம் உருளாமல் இருப்பதற்காகச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அதை எடுத்த நிமிஷத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் நிமிஷம் வரைக்கும் பிரயாண நேரந்தான். அதற்குள் என்னென்ன நடக்கின்றன? ஓடுபாதை வரையில் விமானம் மாட்டுவண்டி போல் நகர்கிறது. முன்னால் நிற்கிற விமானங்கள் புறப்படும் வரையில் காத்திருக்கிறது. எழும்பியபின் உயரத்தைப் பிடிக்கிற வரையில் முழு வேகம் கிடையாது, இறங்கும்போதும் அப்படியே. காற்றின் திசையைப் பார்த்துத்தான் தரையைத் தொட வேண்டும் என்பதால் சில சமயம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வர நேரிடும்.

லண்டன் போகிற விமானத்துக்கும் இந்த அரை மணி உண்டு. பதினோரு மணி நேரத்தில் அரை மணி கரைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கிட்டத்து ஊருக்குப் போகும்போதுதான் அது பெரிதாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்குப் போகிறவள் புடவை மாற்றுவதற்கே அரை மணி எடுத்துக்கொண்ட மாதிரிதான்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிக்கெட்டில் போட்டிருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரம் நம் ஊர் மணி. சேரும் நேரம் அந்த ஊர் மணி. இது தெரியாமல் கழித்துப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அநேகர். இலங்கை விஷயத்தில் அந்தக் குழப்பம் கிடையாது. இரண்டு நாட்டுக்கும் ஒரே மணி. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1996-ல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளி வைத்தது. முதலில் ஒரு மணி, பிறகு அரை மணி என்று நம்மைவிட முந்தியே ஓடிக்கொண்டிருந்து, 2006 ஏப்ரலில்தான் மறுபடி நம்முடன் சேர்ந்துகொண்டது.

வீட்டு வாசல் கணக்கு

விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி, சரி. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு?

கும்மிடிப்பூண்டியில் புறநகர் ரெயில் ஏறினால் கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று வந்து சென்னை சேர ஏறக்குறைய ஒன்றரை மணி ஆகிறது. சென்ட்ரல் வரையில் போகாமல் விம்கோ நகரிலேயே இறங்கி மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். 2021-லிருந்து அங்கே மெட்ரோ ரெயில் வருகிறது. அது நேரே மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. எந்த வழியில் வந்தாலும் மூட்டை முடிச்சுகளோடு இரண்டரை மணி வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். பிறகு ஒன்றேகால் மணி ஆகாயத்தில். இறங்கிப் பாஸ்போர்ட்டு, சுங்கச் சோதனை எல்லாம் முடிய ஒரு மணி. பலாலியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணம் பதினாறு, பதினேழு கிலோமீட்டர். அதற்கு அரை மணி.

கூட்டிப் பாருங்கள். எட்டேகால் மணி! வைகை எக்ஸ்பிரஸில் மதுரைக்குப் போனால் அதற்குள் சாப்பிட்டுவிட்டு மீனாட்சியம்மன் கோயிலுக்கே கிளம்பிவிடலாம். இதில் ஆகாயத்தில் இருக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு, மீனம்பாக்கம் போய்ச் சேருவதற்கே ஆகிவிடுகிறது.

சீதாதேவி வந்த விமானம்

இந்த வழி புது வழியும் அல்ல. சுதந்திரம் வந்த வருஷத்திலேயே, 1947 டிசம்பர் 10-ஆம் தேதி, ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் கொழும்புக்கு அருகிலுள்ள ரத்மலானையிலிருந்து கிளம்பியது. காங்கேசன்துறையில் இறங்கிப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை விமான நிலையம் என்று அன்று சொன்னது இந்தப் பலாலியைத்தான். விமானத்தின் பெயர் என்ன தெரியுமா? சீதாதேவி! இலங்கையிலிருந்து சீதாதேவி ஆகாய மார்க்கமாகத் திரும்பி வந்தது அது இரண்டாந்தடவை என்று சொல்லலாம் அல்லவா?

டகோட்டா என்ற அந்தக் காலத்து விமானம் மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அதிகம் போகாது. ஆகவே ஒன்றரை மணிப் பிரயாணம். இன்றைய நேரத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. விமானத்துக்குப் பணம் இல்லாதவர்களுக்குப் போட் மெயில் இருந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ரெயில் ஏறித் தனுஷ்கோடி போய், அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரெயில் பிடித்து ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போய்விடலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் ராமேசுவரத்திலிருந்து போயிற்று.

யாழ்ப்பாணத்துப் பெண்கள் கல்யாணப் பட்டு வாங்கச் சென்னைக்கும் திருச்சிக்கும் பறந்து வருவதும், சிதம்பரத்துக்கு ஆனித் திருமஞ்சனம் பார்க்க வருவதும் அப்போது அதிசயமான காரியமாக இல்லை. காலையில் வந்து சினிமாப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு என்றுகூடப் பழைய ஆட்கள் சொல்வார்கள்.

பலாலி, இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரர்கள் போட்ட விமானத் தளம். அதே யுத்தத்துக்காக நம் பக்கத்திலும் ஒரு ஓடுபாதை போட்டார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து சாலை வழியாகச் சென்னைக்கு வரும்போது குறுக்கிடுகிற சோழவரத்தில்தான். யுத்தம் முடிந்த பிறகு சோழவரத்து ஓடுபாதை மோட்டார்ப் பந்தயத் திடலாயிற்று. 1950-களிலிருந்து பல வருஷம் அங்கே கார்கள் பறந்தன. பலாலிக்கு அந்த மாதிரி விளையாட்டான விதி வாய்க்கவில்லை.

மூடிய கதவு

ஏர் சிலோன் கம்பெனி 1970-களின் இறுதியோடு மறைந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. அதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர். பலாலி ராணுவத் தளமாயிற்று.

அந்த வானம் அப்போதும் சும்மா இருக்கவில்லை. 1987 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூரிலிருந்து இந்திய விமானங்கள் போய் யாழ்ப்பாணத்தின்மேல் உணவு மூட்டைகளைப் போட்டுவிட்டு வந்தன. அடுத்த மாதக் கடைசியில் இந்திய அமைதிப் படை பலாலியில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பி வந்தது. படைவீரனுக்கு இருந்த வழி பிரயாணிக்கு இல்லை.

1990 ஜூனில் மறுபடி போர் மூண்டபோது பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்குக் கிராமத்து ஜனங்களெல்லாம் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் நிலத்தைச் சேர்த்து உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி கட்டினார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களே அகதிகளானார்கள்.

அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டியவர் என்ன செய்தார்? 650 கிலோமீட்டர் பறந்து கொழும்புக்குப் போனார். பிறகு 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். ரெயில் கிடையாது, யாழ்தேவி ரெயில் 1990-ல் நின்று, 2014 அக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. கண்டி நெடுஞ்சாலையும் 2002 வரையில் பல வருஷம் அடைபட்டிருந்தது; 2006-ல் மறுபடி அடைபட்டது. 356 கிலோமீட்டர் இருக்க வேண்டிய இடம், மூன்று மடங்கு தூரமாகி, அதிலும் கடைசிப் பகுதி போய்ச் சேர முடியுமா என்று நிச்சயமில்லாத தூரமாகிவிட்டது.

இரண்டு சகோதரிகள்

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கற்பனைதான், ஆனால் கும்மிடிப்பூண்டியில் யாரைக் கேட்டாலும் இதற்குப் பொருத்தமான குடும்பத்தைக் காட்டுவார்கள்.

பலாலிக்கு அடுத்த வயாவிளானில் பிறந்த அக்காள், தங்கை இரண்டு பேர். 1990-ல் ஊரை விட்டு ஓடியபோது தங்கை எப்படியோ கொழும்பு போய், பிறகு கனடா போய்ச் சேர்ந்தாள். அக்காள் கைக்குழந்தையுடன் பல நாள் அலைந்து, மன்னார்க் கரையில் இரவு நேரத்தில் படகு ஏறினாள். ராமேசுவரம் தீவின் முனை அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சுமார். மண்டபம் முகாமில் பெயரைப் பதிந்துகொண்டு, அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பினார்கள். தாயார் மட்டும் யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்டாள்.

இப்போது தாயாருக்கு வயது தொண்ணூறு. உடம்பு மோசமாகிவிட்டது என்று டெலிபோன் வருகிறது. எந்த மகள் முதலில் போய்ச் சேருவாள்?

டொராண்டோவிலிருந்து சென்னை ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர். அட்லாஸில் பார்த்தால் அட்லாண்டிக், ஐரோப்பா, அரேபியா என்று குறுக்கே கோடு போடத் தோன்றும். அது குறுக்குவழியே அல்ல. சமையலறையிலிருந்து ஒரு பூசணிக்காயை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்து, நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் காம்பின் பக்கமாக ஏறிப் போகும். டொராண்டோவும் சென்னையும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், அவற்றின் குறுக்குவழி வடதுருவத்துப் பனிக்கடல் பக்கமாகப் போகிறது. அந்த வழியில் நேர் விமானம் இல்லை. லண்டனிலோ பிராங்க்பர்ட்டிலோ வளைகுடா நகரங்களிலோ மாற வேண்டும். லண்டனில் மாறினால் மொத்தம் 13,900 கிலோமீட்டர்தான். பெரிய சுற்று இல்லை. இருபது, இருபத்திரண்டு மணியில் மீனம்பாக்கம். அங்கே காத்திருந்து பலாலி விமானம். ஒன்றரை அல்லது இரண்டு நாளில் தங்கை தாயாரின் கட்டில் அருகே உட்கார்ந்திருப்பாள். பார்த்துவிட்டு, போன வழியே திரும்பியும் விடுவாள்.

அக்காள் இருப்பது 400 கிலோமீட்டரில். ஆனால் அவள் கையில் பாஸ்போர்ட்டு இல்லை. படகில் வந்தவளுக்கு விசா ஏது, முத்திரை ஏது? சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிரயாணப் பத்திரம் வாங்க வேண்டும். அதற்குத் தான் இன்னார் என்று காட்ட வேண்டும். பிறப்புப் பத்திரம் வீட்டோடு போயிற்று. வீடு வேலிக்குள் போயிற்று. அது கிடைத்தாலும் இந்திய அரசாங்கத்திடம் வெளியேறுவதற்கு அனுமதி வாங்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம், போலீஸ் விசாரணை, குடியேற்ற அதிகாரி என்று காகிதம் நடந்து வர வேண்டும். இது மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ முடிகிற பிரயாணம் அல்ல.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அவள் போனால் முகாம் பதிவு ரத்தாகிவிடும். தங்கை வாங்குவது போக வர டிக்கெட்டு. அக்காள் டிக்கெட்டுக்கு மறுபாதி கிடையாது. அம்மாவைப் பார்க்கப் போகிறவள், பேரக் குழந்தைகளை விட்டுப் போகிறவளாகவும் ஆகிவிடுகிறாள். ஆகவே அவள் பெரும்பாலும் போவதில்லை. கைப்பேசியின் சிறு திரையில் தாயார் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டியிலேயே தலைக்குக் குளித்துவிடுகிறாள்.

திறந்த கதவும் திறக்காத கதவும்

2019 அக்டோபர் 17-ஆம் தேதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11-ஆம் தேதி சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் போயிற்று. ஏறத்தாழ நாற்பது வருஷத்துக்குப் பிறகு! நாலு மாதத்துக்குள் கொரோனா வந்து அதை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12-ஆம் தேதி மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ கம்பெனியும் சேர்ந்துகொண்டது. கடல் வழியும் திறந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியது. அது சுமார் நான்கு மணிப் பிரயாணம்.

ஆகாயத்தின் கதவு திறந்துவிட்டது. காகிதத்தின் கதவு?

அதுவும் அடியோடு அசையாமல் இல்லை. 1983 முதல் 2012 வரையில் தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் மூன்று லட்சம் பேருக்கு மேல். அவர்களில் பலர் திரும்பிவிட்டார்கள். ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனம் விமானச் செலவு கொடுத்து அனுப்பி வைத்ததும் உண்டு. 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் இருந்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் தமிழ்நாடு அரசாங்கம் அகதி முகாம் என்ற பெயரை மாற்றி, மறுவாழ்வு முகாம் என்று வைத்தது. புது வீடுகளுக்கும் மற்ற வசதிகளுக்குமாக 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. 2025 செப்டம்பரில் மத்திய அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9-ஆம் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்று அது சொல்கிறது. படகில் வந்தது குற்றமோ என்று பயந்துகொண்டிருந்தவர்களுக்கு அதில் ஓர் ஆறுதல்.

திரும்பிப் போவதுதான் எல்லாருடைய ஆசையும் என்று நினைத்துவிடக் கூடாது. முகாம்களில் இருப்பவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தார் அல்ல. திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பல ஊர்க்காரர்கள். மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய பாட்டன்மார் நம் சேலத்திலும் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் இருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். கும்மிடிப்பூண்டியில் பிறந்த பெண்ணுக்கு வயது முப்பது தாண்டியிருக்கும். அவளுடைய குழந்தைகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களுக்குப் பலாலி பாட்டி சொல்லும் கதையில் வருகிற ஊர். இங்கே பிறந்தும் இந்தியப் பிரஜைகள் அல்ல. பெற்றோர் சரியாகப் பதியாவிட்டால் இலங்கைப் பிரஜைகளும் அல்ல. போக விரும்புகிறவளுக்கும் காகிதம் வேண்டும். இருக்க விரும்புகிறவளுக்கும் காகிதம் வேண்டும்.

இங்கேதான் நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று இருக்கிறது. முகாமில் பிறந்த குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்து, இலங்கைத் துணைத் தூதரகத்தில் அதன் குடியுரிமைக்கு மனுக் கொடுப்பதற்குப் பல தாள்கள் நிரப்ப வேண்டும். 1984 முதல் சென்னையில் வேலை செய்துவரும் ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகம் இந்தக் காரியத்தில் பல வருஷமாக உதவி வருகிறது. தாலுக்கா அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண்கள், முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லும் ஆசிரியைகள், பிரசவ ஆஸ்பத்திரி நர்சுகள் இவர்களெல்லாரும் இதில் கை கொடுக்கலாம். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அதை அன்றைக்கே திருத்திக் கொடுப்பதுகூட ஓர் உபகாரந்தான். அந்த ஓர் எழுத்து, பிற்காலத்தில் ஒரு குடும்பத்தை ஒரு வருஷம் அலைய வைக்கும்.

போக வர இருவழி அனுமதி என்று ஒன்று கிடைத்தால் அது பெரிய உபகாரம். தாயாரைப் பார்த்துவிட்டோ, காரியம் செய்துவிட்டோ, பாழடைந்த வீட்டின் கிணற்றை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டோ பேரக் குழந்தைகளிடம் திரும்பி வரலாம் என்று இருந்தால், எத்தனையோ அக்காமார் போய் வருவார்கள். அதைக் கொடுக்க வேண்டியவை இரண்டு அரசாங்கங்கள். ஒன்றேகால் மணிப் பிரயாணத்துக்குப் போதுமான பெட்டியைக் கட்டிக்கொள்ள அவர்களுக்கு அரை நாள்கூட வேண்டாம்.